ஹைப்ரிட்: கோல்ஃப் பையில் ஓர் ஒட்டுக்கோல்

ஹைப்ரிட் என்பது கோல்ஃப் பந்தை அடிக்கும் கோல்களில் ஒரு வகை. அதில் புதிதாக ஒன்று கடைக்கு வந்தால் ஆடுபவர்கள் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம்தான் பேசுகிறார்கள். பந்து எவ்வளவு தூரம் போகிறது, போன இடத்தில் நிற்கிறதா. அதுவும் "தூரத்துக்காகவே செய்தது" என்று சொல்லி விற்கும் ஹைப்ரிட்டாக இருந்தால், முதல் விஷயத்தில் எல்லோரும் மகிழ்ந்து போகிறார்கள், இரண்டாவதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். ஹைப்ரிட் என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் இன்னொருவர் வேறு பொருளிலும் எடுத்துக்கொள்வதில்தான் பாதி வாதம் கிடக்கிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். ஓர் ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 கோல்கள்தான் வைத்துக்கொள்ளலாம். 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்த விதி இது, இன்றும் மாறவில்லை. இந்த 14இல் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று வுட், அதாவது மரக்கோல். இப்போது மரத்தில் செய்வது மிக அரிது, பந்தில் படும் தலைப்பகுதி பெரும்பாலும் உலோகம்தான், கார்பன்தான், ஆனாலும் பர்சிமன் மரத்தைக் கடைந்து செய்த காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தலை பெரியது, உள்ளே வெற்றிடம், நீளமான தண்டு, தூரம் போகும். இன்னொன்று அயர்ன், இரும்புக்கோல். தலை மெல்லிய தகடு மாதிரி. தூரம் குறைவு, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும், பந்து உயர எழுந்து க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், விழுந்து அங்கேயே உட்காரும்.

இரும்புக்கோல்களில் எண் குறையக் குறைய, பந்தில் படும் முகத்தின் சாய்வும் குறையும், தண்டு நீளும். 2, 3, 4 என்ற நீண்ட இரும்புகளை வைத்துப் பந்தை மேலே எழுப்ப வேகமும் துல்லியமும் சேர்ந்து வேண்டும், வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு அது ரொம்பக் கஷ்டம். அமெரிக்க ஆட்டக்காரர் லீ டிரெவினோ சொன்னதாக கோல்ஃப் உலகில் ஒரு பேச்சு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்: மின்னல் வெட்டும்போது 1ஆம் எண் இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொள், கடவுளாலேயே அதை அடிக்க முடியாது என்று. 1975இல் சிகாகோ பக்கம் ஒரு போட்டியின் நடுவே நிஜமாகவே மின்னல் தாக்கிப் பிழைத்த மனிதர் அவர்.

இந்த நீண்ட இரும்புகளின் இடத்தைப் பிடிக்க வந்ததுதான் ஹைப்ரிட். தண்டு மரக்கோலைவிடக் குட்டை, ஆகவே இரும்பைப் போலவே வீசலாம். தலை மட்டும் சின்ன மரக்கோல் மாதிரி, உள்ளே வெற்றிடத்தோடு, அடிப்பாகம் அகலமாக இருக்கும். எடையின் மையம் தாழ்வாகவும் முகத்திலிருந்து சற்றுப் பின்னாலும் போய்விடுவதால் பந்து தானாக மேலே எழுகிறது. மெல்லிய இரும்புத் தலை நீண்ட புல்லில் மாட்டித் திரும்பிவிடும், இது வழுக்கிக்கொண்டு போகும். டெய்லர்மேட் நிறுவனம் இதற்கு ரெஸ்க்யூ, அதாவது மீட்பு, என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. ஜப்பானில் இதையே யூட்டிலிட்டி என்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் பாஃபிங் ஸ்பூன் என்று குட்டையான, முகம் சாய்ந்த ஒரு மரக்கோல் இருந்தது. தாமஸ் குரோ என்ற ஆஸ்திரேலியர் நிறுவிய கோப்ரா நிறுவனம் 1970களில் அந்தப் பெயரை நினைவூட்டும் விதமாக பாஃப்லர் என்றொரு கோலைக் கொண்டுவந்தது, அடியில் இரண்டு தண்டவாளம் மாதிரி வரம்புகள் வைத்து. ஆனால் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது 2004. ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் டாட் ஹாமில்டன், சமநிலையில் இருந்த எர்னி எல்ஸோடு வெற்றியை முடிவுசெய்யும் நான்கு குழி பிளேஆஃப் ஆடி வென்றார். கடைசிக் குழியில் க்ரீனுக்கு வெளியே நின்றுகொண்டு ஹைப்ரிட்டை எடுத்துத் தரையோடு உருட்டி, பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். தூரத்துக்காக வாங்கும் கோலை அவர் பயன்படுத்தியது தொட்டு வைக்க! 2009இல் அமெரிக்காவின் ஹேசல்டீனில், கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் தென்கொரியாவின் ஒய்.இ. யாங் சுமார் 200 கெஜத்திலிருந்து ஒரு மரத்தைத் தாண்டி ஹைப்ரிட்டால் அடித்த அடி க்ரீனில் குழிக்குக் கிட்டத்தில் போய் நின்றது. டைகர் வுட்ஸ் கடைசி நாளுக்கு முன்னிலையோடு வந்து ஒரு பெரும் போட்டியைத் தோற்றது அதுதான் முதல் முறை, ஆண்களுக்கான பெரும் போட்டியை வென்ற முதல் ஆசியாக்காரரும் யாங்தான்.

இப்போது சொல். ஹைப்ரிட்டின் வேர் லத்தீன். ஹிப்ரிடா என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. ரோமானியத் தந்தைக்கும் அயல்நாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளையையும் அப்படியே அழைத்தார்கள். மனிதருக்கு வைத்தால் அது மரியாதையான பேச்சாக இருந்திருக்காது. ஆனாலும் கி.மு. 63இல் சிசரோவோடு சேர்ந்து கான்சலாக இருந்தவரின் பெயரே காயஸ் அந்தோனியஸ் ஹிப்ரிடா. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்து, நெடுநாள் அரிய சொல்லாகவே கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடிகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் இந்தச் சொல்தான். அப்புறம் உயிர்களைத் தாண்டி வந்துவிட்டது. இரண்டு மொழிகளின் உறுப்புகள் சேர்ந்த சொல்லுக்கு, 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் மாதிரி பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் காருக்கு, கடைசியில் மரமும் இரும்பும் சேர்ந்த கோலுக்கு.

எல்லா இடத்திலும் மாறாமல் வரும் பொருள் ஒன்றுதான். இரண்டு வேறு வேறு பெற்றோர், இரண்டு பேரின் குணமும் பிள்ளையிடம் இருக்க வேண்டும். இதைக் கையில் பிடித்துக்கொண்டு தூர ஹைப்ரிட்டைப் பற்றிய பேச்சைக் கேட்டால் எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு ஹைப்ரிட்டை எப்படித் தூரம் போக வைக்கிறார்கள்? முகத்தை மெல்லிய, வலுவான எஃகில் செய்து கூடுதலாகத் துள்ள விடுவார்கள். அடிப்பாகத்தில் ஒரு பள்ளம் வெட்டினால் முகத்தின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து வளைந்து கொடுக்கும். டங்ஸ்டன் வைத்து எடையைக் கீழே இறக்கலாம். இதெல்லாம் உண்மையான வேலை, மெச்ச வேண்டிய பொறியியல். அதோடு முகத்தின் சாய்வைக் கொஞ்சம் குறைப்பார்கள், தண்டைக் கொஞ்சம் நீட்டுவார்கள், எண் மட்டும் பழைய எண்ணாகவே இருக்கும். அதாவது 4 என்று பொறித்திருக்கும் கோல் நேற்றைய 3இன் வேலையைச் செய்யும். இதில்தான் கட்சி பிரிகிறது.

அடித்தவுடன் "முகம் ஹாட்டாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். பந்து முகத்திலிருந்து வேகமாகத் தெறிக்கிறது என்று அதற்குப் பொருள். வேகம் குறைந்துபோன வயதானவர்கள், மெதுவாக வீசுபவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள், அது நியாயமும்கூட. இரண்டு முறை அடித்தும் எட்டாத க்ரீன் ஒருவருக்கு மறுபடி எட்டுகிறது என்றால் அந்த மகிழ்ச்சியை யாரும் குறை சொல்லக் கூடாது. ஃபர்கிவிங் என்பது அடுத்த பாராட்டு. முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் பந்து பெரிதாகத் திசைமாறாது என்று அர்த்தம். மன்னிக்கும் கோல் என்று சொல்வதைவிட "பிழை பொறுக்கும் கோல்" என்பது நன்றாக இருக்கிறது.

மறுபக்கத்தில் உள்ளவர்கள் கேப்பிங் என்ற சொல்லை எடுப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு கோல்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய தூர இடைவெளி அது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒருவர் 5ஆம் எண் இரும்பை 170 கெஜம் அடிக்கிறார், 5ஆம் எண் மரக்கோலை 205 கெஜம் அடிக்கிறார். நடுவில் 187க்குப் பக்கத்தில் ஒரு கோல் அவருக்கு வேண்டும், ஹைப்ரிட் வாங்கியதே அதற்காக. புதியது 200 போகிறது. இப்போது 14 இடங்களில் இரண்டை ஒரே தூரத்துக்குக் கொடுத்துவிட்டார், 185 கெஜம் வேண்டும்போது பையில் கோல் இல்லை. சுழற்சி குறைந்து தாழப் பறக்கும் பந்து க்ரீனில் விழுந்தும் நிற்காமல் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது என்பது இன்னொரு புகார். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும் ஹுக், ஹைப்ரிட்டின் பழைய வியாதி. தூரம் குறைவாகப் போகும்போது அது சின்னத் தவறு, 15 கெஜம் கூடுதலாகப் போகும்போது புதருக்குள் போய்விடும்.

நிறுவனங்களே இதை உணர்ந்திருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன். 2020இல் கேலவே நிறுவனம் வழக்கத்தைவிடப் பெரிய தலையோடு ஒன்றைக் கொண்டுவந்து சூப்பர் ஹைப்ரிட் என்று பெயர் வைத்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனம் மரக்கோலுக்கும் ஹைப்ரிட்டுக்கும் நடுவில் இன்னொன்றைச் செய்தபோது ஹைப்ரிட் என்ற சொல்லையே விட்டுவிட்டு யூட்டிலிட்டி வுட் என்றது. மரக்கோலின் பக்கம் சாய்ந்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பெயர். எனக்கு இது நேர்மையான பெயரிடலாகப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

கலப்பினம் என்று பலரும் எழுதுகிறார்கள். மாட்டுக்கு அது சரி, கலப்பின மாடு என்று பால் சங்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இனம் என்ற சொல் பிறப்பைப் பேசுகிறது, உலோகத்தில் வார்த்த ஒரு கோலுக்கு அது பொருந்தவில்லை. இனத்தை எடுத்துவிட்டுக் கலப்பு என்று மட்டும் வைத்தால் வேறு சிக்கல்: பாலில் தண்ணீர் கலந்த மாதிரி, கலப்படம் மாதிரி ஒரு குறை ஒலிக்கிறது, கலந்தபின் எது எது என்று தெரியாது என்ற பொருளும் வந்துவிடுகிறது. தனித்தமிழ் எழுதுபவர்கள் இருமொழிக் கலப்புச் சொல்லை இருபிறப்பி என்பார்கள். அழகான சொல், எனக்குப் பிடித்த சொல், ஆனால் சொல்லிலக்கணத்துக்குள்ளேயே அது இருக்கட்டும், ஆடுகளத்தில் யார் வாயிலும் வராது.

என் தேர்வு ஒட்டு. ஒட்டு மாங்கன்று, ஒட்டுச்செடி என்று எல்லா ஊர் நாற்றங்காலிலும் சொல்லும் சொல். அடியில் நாட்டு மரத்தின் வேர், மேலே நல்ல பழம் தரும் மரத்தின் குச்சி, இரண்டும் சேர்ந்து ஒரே செடி. தாவர நூலின்படி பார்த்தால் ஒட்டுக் கட்டுவதும் மகரந்தம் மாற்றிக் கலப்பதும் வேறு வேறு, அது தெரிந்தேதான் சொல்கிறேன். கோலுக்குப் பொருந்துவது ஒட்டுதான், ஏனென்றால் மரக்கோலின் தலைவடிவமும் இரும்புக்கோலின் தண்டளவும் இரண்டுமே கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன, கரைந்துபோகவில்லை. தவிர, விவசாயிகள் ஹைப்ரிட் விதையையும் வீரிய ஒட்டு என்றுதான் சொல்கிறார்கள், சோளம், மக்காச்சோளம், பருத்தி எல்லாவற்றுக்கும். ஆகவே இரண்டு பொருளையும் இந்தச் சொல் முன்பே சுமந்துகொண்டிருக்கிறது.

கோலா, மட்டையா என்று கேட்பீர்கள். மட்டை கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது, அகலமான, தட்டையான பொருளுக்கு அது சரி. ஒல்லியான தண்டுக்குக் கோல். ஹாக்கியை வளைகோல் பந்தாட்டம் என்று முன்பே சொல்லியாயிற்று. கோல்ஃப் என்ற சொல்லும் தடியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தச் சொல்லும் நம் கோலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன என்பதற்காக இரண்டுக்கும் உறவு கட்டிவிடக் கூடாது, அது ஒலியில் நேர்ந்த தற்செயல் மட்டுமே.

ஆகவே ஹைப்ரிட், ஒட்டுக்கோல். தூரத்துக்காகவே செய்த ஹைப்ரிட்டுக்கு விவசாயியின் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளலாம்: வீரிய ஒட்டுக்கோல். பெற்றோர் இருவரையும் மிஞ்சி வளரும் பயிரைத்தானே வீரிய ஒட்டு என்கிறோம். புதியதை வாங்கி மகிழ்பவர் அந்தப் பெயரில் வீரியத்தைப் பார்க்கிறார், குறைப்பட்டுக்கொள்பவர் ஒட்டு எங்கே என்று தேடுகிறார். பயன்பாட்டுக்கு இரண்டு வாக்கியம் தருகிறேன். "3ஆம் எண் இரும்பை வைத்துவிட்டு ஒட்டுக்கோல் எடு, புல் நீளமாக இருக்கிறது." "இந்த வீரிய ஒட்டு 15 கெஜம் கூடுதலாகப் போகிறது, ஆனால் என் 5ஆம் எண் மரக்கோலுக்கு இனிப் பையில் வேலை இல்லை."