டிஸ்ட்ரோ – வழங்கல்

லினக்ஸ் பயன்படுத்துவோர் 'டிஸ்ட்ரோ' என்று சொல்வது, இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலோடு, நிறுவும் கருவி, முகப்புத் திரை, அன்றாடச் செயலிகள், அவற்றைப் புதுப்பிக்கும் களஞ்சியம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கட்டாகத் தரும் இயங்குதளத்தை.

இது 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதன் குறுக்கம். மூலம், பங்கிட்டுக் கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை. கணினித் துறையில் இச்சொல் லினக்ஸுக்கும் முந்தியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காகத் தான் எழுதிய மென்பொருள்களை 1978இல் காந்த நாடாவில் பதிந்து அனுப்பியபோதே அத்தொகுப்பை 'பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று அழைத்தது. 1991இல் லினக்ஸ் கெர்னல் வெளிவந்தபின், 1993இல் தொடங்கிய ஸ்லாக்வேர், டெபியன் போன்றவற்றுக்கும் அதே பெயர் நிலைத்தது. உபுண்டு என்னும் டிஸ்ட்ரோ 2011 வரை குறுவட்டுகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பிவந்ததையும் இங்கே நினைக்கலாம்.

தமிழில் 'விநியோகம்' என்றால் ரேஷன் கடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'பரவல்' புள்ளியியலுக்கு உரியதாகிவிட்டது. 'வழங்கல்' பொருத்தமானது. 'வழங்கு' என்னும் வினைக்குக் கொடுத்தல், புழக்கத்தில் இருத்தல் என இரு பொருளும் உண்டு. ஒரு வழங்கலும் ஒருமுறை கொடுத்ததோடு முடியாமல், புதுப்பிப்புகளாக வந்துகொண்டே இருக்கிறது.

மெதுவான இணைய இணைப்பு உள்ளவர், முதலில் இறக்கும் கோப்பின் அளவைவிடப் பின்னர் வந்துகொண்டே இருப்பதையே கவனிக்க வேண்டும். 5 ஜிபியைத் தாண்டும் உபுண்டு கோப்பை, நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இறக்க 11 மணி நேரத்துக்கு மேலாகும். டைனி கோர் லினக்ஸ் அதே வேகத்தில் சில நிமிடங்களில் வந்துவிடும், ஆனால் பெரும்பாலான செயலிகளைப் பிறகு தனித்தனியே இறக்க வேண்டும். டெபியனின் 'நெட்இன்ஸ்ட்' கோப்பும் 1 ஜிபிக்குள் அடங்குவதால் சிக்கனமாகத் தோன்றினாலும், முகப்புத் திரை முதலியவற்றை நிறுவும்போதே இணையத்திலிருந்து இழுக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் வேலை அந்தரத்தில் நிற்கும். ஆர்ச் போன்ற தொடர் வெளியீட்டு வழங்கல்களில் புதுப்பிப்பு ஓயாது என்பதால், அவை இத்தகையோருக்கு ஏற்றவை அல்ல என்பதே என் கருத்து.

ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு காணும் டெபியன் நிலைப் பதிப்பில், இடைக்காலத்தில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைதிருத்தங்களும் மட்டுமே வருகின்றன. அதன் முதல் டிவிடி கோப்பில் முகப்புத் திரையும் அடங்கியிருக்கிறது. படியெடுத்துக் கொடுக்க உரிமம் இடந்தருவதால் வேகமான இணைப்புள்ள நண்பரிடம் அதைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். பின்னர் வரும் புதுப்பிப்புகளையும் 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்னும் கருவியின் துணையோடு வேறொரு கணினியில் இறக்கிக் கொண்டுவர முடியும்.