கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் போகிறீர்களா?

சேர்க்கை நாட்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கண்டிப்பு உண்டா? கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா? சிஸ்டர்களே பாடம் எடுப்பார்களா? கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்திருக்கிறேன். "என் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்ட பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பள்ளியை எடைபோட அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பள்ளிகள் பிறந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். 1597-இல் ரோம் நகரின் திராஸ்தேவரே பகுதியில் ஜோசப் கலசான்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு இலவசப் பள்ளி தொடங்கினார். படிக்க வழியில்லாமல் தெருவில் திரிந்த பிள்ளைகளை அவரால் கடந்துபோக முடியவில்லை. அதற்கு எண்பது ஆண்டு கழித்துப் பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்து ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் இன்னொன்று செய்தார். அப்போது வாசிப்பு இலத்தீனில்தான் தொடங்கும். அவர் அதைத் தாய்மொழியான பிரெஞ்சில் தொடங்கினார். ஏழைப் பிள்ளை பள்ளியில் இருக்கப்போவதே கொஞ்ச காலம். இலத்தீன் எழுத்தோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவன் வேலைக்குப் போய்விடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1950-இல் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இவர்கள் பெயரும் படமும் பல பள்ளிகளின் நுழைவாயிலில் இருக்கும். உள்ளே போனதும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"பக்தியும் பண்பும் வந்தால் போதும், படிப்பு முன்னே பின்னே இருந்தால் என்ன" என்று சில பெற்றோர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அது தேவையில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 806-ஆம் எண் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித்தரம் அந்தப் பகுதியின் மற்றப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சம் இணையாகவாவது இருக்க வேண்டும். தரம் கேட்பது உங்கள் உரிமை.

தொடக்கப்பள்ளியில் தரம் என்றால் முதலில் வாசிப்பு. என்னிடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணீரென்ற குரல், தடங்கலே இல்லாத வாசிப்பு. ஒருநாள் அவன் பக்கத்தைத் திருப்பியபோது கவனித்தேன். அடுத்த பக்கத்தின் முதல் வரியை அவன் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான். புத்தகம் முழுவதும் மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லை மட்டும் விரலால் காட்டி "இது என்ன?" என்றேன். வரியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல்லை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். எழுத்துகள் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டாக யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் எங்கள் முறைதான். வரிசையாக எல்லோரையும் ஒரே பாடத்தை வாசிக்கவைத்தோம். அவன் முறை வருவதற்குள் பத்துப் பேர் வாசித்துக் காட்டியிருப்பார்கள். காதால் கேட்டதை அவன் திருப்பிச் சொன்னான். அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளையை நாங்கள் வாசிக்கத் தெரியாதவனாக வைத்திருந்தோம் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதன்பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கவைக்கத் தொடங்கினோம். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். தடுமாறுபவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, தினமும் இருபது நிமிடம் எழுத்தும் ஒலியுமாக அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பையனுக்கு ஓர் ஆண்டு பிடித்தது. மூன்றாம் வகுப்புக்குமேல் மற்றப் பாடங்களையெல்லாம் வாசித்துத்தான் படிக்க வேண்டும். அப்போது அறிவியலிலும் கணக்கிலும் மதிப்பெண் சரியும். "கணக்கு வரவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் வராதது கணக்கில்லை, கேள்வியை வாசிப்பது. ஆகவே பள்ளியிடம் கேளுங்கள்: வாசிக்கத் தெரியாத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், அவனோடு யார் உட்காருகிறார், எந்த நேரத்தில்? "வீட்டில் ட்யூஷன் வைத்துக்கொள்ளுங்கள்" என்பதே பதிலாக வந்தால் யோசியுங்கள்.

வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணினி அறையை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் காலையில் வேண்டாம், இடைவேளை முடிந்த பிறகு. தாழ்ப்பாள் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதால் கிருமித்தொற்றும் மலச்சிக்கலும் வரலாம். மதியத்துக்குமேல் தலைவலி என்று சோர்ந்து உட்காரும் பிள்ளைகளில் சிலருக்குத் தேவைப்படுவது ஒரு டம்ளர் தண்ணீர்தான். நூலகத்தில் புத்தகங்களின் முதுகைப் பாருங்கள். எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் அவற்றைப் பிள்ளைகள் தொடுவதில்லை என்று பொருள்.

விளையாட்டு நேரத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வீட்டுப்பாடம் முடிக்காதவனை இடைவேளையில் வகுப்பிலேயே உட்காரவைப்பது பழைய வழக்கம். யார் அதிகம் ஓடியாட வேண்டுமோ அவனையே நாம் கட்டிப்போடுகிறோம். தண்டனையாகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னது. விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகவே வைத்திருக்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு. அதை வத்திக்கானும் 1990-இலேயே ஏற்றிருக்கிறது.

இனி, கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே உரிய ஒரு தவறு. அதை நானும் செய்திருக்கிறேன். தாமதமாக வந்த பிள்ளைகளைச் செபம் முடியும்வரை தனி வரிசையில் நிற்கவைத்தேன். பேசிக்கொண்டிருந்தவர்களை "பரலோகத்தில் இருக்கிற" செபத்தைப் பத்து முறை எழுதச் சொன்னேன். தாமதமாக வந்த ஒரு சிறுமி தினமும் தம்பியைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு வருகிறாள் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்குச் செபம் என்றால் அந்தத் தனி வரிசைதான். இறைவனோடு பேசுவதைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் அதைத் தண்டனையாகவே நினைக்கும். இத்தாலியில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த குருவும் 1877-இல் தன் கல்விமுறையை எழுதி வைத்தவருமான தொன் போஸ்கோ அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றையும் சேர்த்தே சொன்னார். அன்பை எடுத்துவிட்டால் மீதி இரண்டும் பிள்ளைக்குப் பாரமாகிவிடும்.

வேற்றுச் சமயத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மாணவரின், குடும்பத்தாரின் சமயச் சுதந்திரத்தையும் மனச்சான்றையும் மதிக்க வேண்டும் என்று வத்திக்கானின் கல்வித் துறையான கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1988-இல் வெளியிட்ட ஏடு சொல்கிறது. அதே ஏடு பள்ளிச் சமயக் கல்வியையும் மறைக்கல்வியையும் வேறுபடுத்துகிறது. முதலாவது அறிவு தருவது, இரண்டாவது நம்பிக்கையில் வளர்ப்பது. பள்ளி இந்த இரண்டையும் குழப்புகிறதா என்று நடைமுறையில் பார்க்க ஒரு வழி உண்டு. முதல் நற்கருணைக்கான (திருப்பலியில் பிள்ளை முதன்முறை அப்பம் பெறும் சடங்குக்கான) தயாரிப்பு பெரும்பாலும் ஏழெட்டு வயதில் நடக்கும். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் அந்த வயதை வகுத்தார். அந்த வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை "நான் இங்கே வேண்டாதவள்" என்ற பாடத்தை வாரம் தவறாமல் படிக்கிறாள். அவர்களுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு நல்ல கதைப்புத்தகமும் ஒதுக்குவது எந்தப் பள்ளிக்கும் பெரிய காரியம் இல்லை.

கடைசியாக, கேட்கவே பலர் கூச்சப்படும் விஷயம். பள்ளியை ஃபாதர்களும் சிஸ்டர்களும் நடத்துகிறார்கள் என்பதால் பாதுகாப்பைப் பற்றிக் கேட்காமல் இருக்காதீர்கள். அப்படிக் கேட்காமல் விட்டதற்குத் திருச்சபைக்குள் எத்தனை பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்பது உலகமே அறிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டம், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியிலும்) பாலியல் அத்துமீறல் புகார்களை வாங்கப் பொதுமக்கள் எளிதில் அணுகக்கூடிய நிலையான ஏற்பாடு வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாடு எங்கே, பள்ளிக்குள் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக இருக்க நேர்ந்தால் கதவு திறந்திருக்குமா, வேன் ஓட்டுநர் முதல் விளையாட்டுப் பயிற்சியாளர்வரை பின்னணி சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். நல்ல பள்ளி இதற்குக் கோபப்படாது. புகார் என்று வந்தால் பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ள யாரும் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல் காவல்துறைக்குப் போங்கள். சேர்க்கை முடிந்த அன்றே அந்தப் பொறுப்பாளரின் பெயரையும் குழந்தைகளுக்கான அவசர உதவி எண்ணையும் கேட்டு வாங்கி, பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.