ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுவதற்கு முன்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னுடையது பழைய பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் அணையவே மாட்டேன் என்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனர் போட்டால் பி0135 என்று வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றணும் என்கிறார் மெக்கானிக். இ20 பெட்ரோல் போட்டதால் வந்த வினையா? வீட்டிலேயே நான் மாற்ற முடியுமா?”

மாற்ற முடியும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) மேல் பழி போட வேண்டாம். பி0135 என்பது சென்சாருக்குள் இருக்கும் குட்டி ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். எத்தனாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சென்சாருக்கு எதற்கு ஹீட்டர்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதியில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20 என்றால் 13.5 கிலோ போதும், எத்தனாலுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் இருப்பதால். பெட்ரோல் கூடினால் புகையில் கார்பன் மோனாக்சைடு மிஞ்சும், காற்று கூடினால் ஆக்சிஜன் மிஞ்சும். எது மிஞ்சுகிறது என்று புகைக்குழாயில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. அதைக் கேட்டு இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் குட்டிக் கணினி, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் அது எப்படிப் பார்க்கிறது என்பது எனக்கு இன்னும் அலுக்காத சங்கதி.

சென்சாரின் நுனியில், துளைகள் போட்ட உலோக மூடிக்குள், விரல் நுனி பருமனில் வெள்ளைப் பீங்கான் குப்பி ஒன்று இருக்கிறது. சிர்கோனியம் ஆக்சைடில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்து சுட்டது. உள்ளும் புறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. குப்பிக்கு வெளியே இன்ஜின் புகை, உள்ளே நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. ஒரு சிர்கோனியம் அயனிக்கு நான்கு மின்னூட்டம், இட்ரியத்துக்கு மூன்றுதான். அதனால் இரண்டு இட்ரியம் நுழையும்போது கணக்கு நேராக ஓர் ஆக்சிஜன் வெளியேறி, அதன் இடம் காலியாகிறது. நெரிசலான டவுன் பஸ்ஸில் முன் சீட் காலியானதும் பின்னால் இருப்பவர் அதில் மாறி உட்கார, அவர் சீட்டுக்கு அடுத்தவர் வர, காலியிடம் பின்னாலேயே நகர்ந்து போகுமே, அப்படித்தான் ஆக்சிஜன் அயனிகள் இந்தத் திடப்பொருளுக்குள் ஊர்கின்றன. எலக்ட்ரானுக்கு வழி கிடையாது, ஆக்சிஜன் அயனிக்கு மட்டுமே வழி. அதுவும் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான். ஹீட்டர் அதற்குத்தான்.

உள்ளே ஆக்சிஜன் தாராளம், வெளியே பற்றாக்குறை. உள்பக்கத்து ஆக்சிஜன் பிளாட்டினத்திடம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அயனியாகி வெளிப்பக்கம் கிளம்பப் பார்க்கிறது. எலக்ட்ரானைக் கொடுத்த பக்கம் நேர்மின்னூட்டம் பெற்று, மேலும் அயனிகள் போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அதுதான் வோல்டேஜ்.

கணக்குப் போட்டால் இன்னும் ருசிக்கிறது. 430 டிகிரியில், இரு பக்க ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் 35 மில்லிவோல்ட் கிடைக்கும். காற்றில் 21 சதவீதம் இருக்க, புகையில் 1 சதவீத ஆக்சிஜன் இருந்தால் வித்தியாசம் 21 மடங்கு, அதாவது வெறும் 46 மில்லிவோல்ட். பெட்ரோல் துளி கூடினாலோ நிலைமை தலைகீழ். பிளாட்டினம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையெல்லாம் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து எரித்துவிடுவதால், அந்தப் பரப்பில் ஆக்சிஜன் அழுத்தம் காற்றில் இருப்பதைவிட 22 தசம இடங்கள் இறங்கி, வோல்டேஜ் முக்கால் வோல்ட்டைத் தாண்டுகிறது. அந்த அளவில், ஒரு லிட்டர் புகையைச் சல்லடை போட்டுத் தேடினாலும் தனி ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றுகூட அகப்படாது! அப்படியானால் சென்சார் எதை அளக்கிறது? இல்லாத ஆக்சிஜனை அல்ல, கார்பன் மோனாக்சைடுக்கு இருக்கும் ஆக்சிஜன் பசியை. சரியான கலவையின் இருபுறமும் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே செங்குத்தாகத் தாவுவது இதனால்தான். எந்த எரிபொருள் என்பதும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பீங்கான் காருக்காகப் பிறந்ததல்ல. 1897இல் ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் இதே கலவையில் ஒரு மின்விளக்கு செய்தார். அதையும் முதலில் சூடாக்கினால்தான் எரியும். விளக்கு காணாமல் போனது, பீங்கான் மட்டும் காத்திருந்து 1976இல் பாஷ் நிறுவனம் தயாரித்த சென்சாராக வோல்வோ கார்களில் ஏறியது. “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று ஆராய்ச்சி விண்ணப்பங்களில் கேட்பவர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே சிர்கோனியத்தின் மூலக் கனிமமான சிர்கான் கிடைக்கும் நாடு நம்முடையது. ஆராய்ச்சிக்குச் செலவிட்டதோ 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். எனக்கு இது வயிற்றெரிச்சல்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் சென்சார்தான் குற்றவாளியா என்று பாருங்கள். வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதைக் கேலி செய்கிற பலர், ஸ்கேனர் காட்டும் எண்ணை மட்டும் அருள்வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பெரும்பாலான நான்கு ஒயர் சென்சார்களில் அவைதான் ஹீட்டர். சில ஓம் காட்டினால் ஹீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபியூஸையும் ஒயரிங்கையும் பாருங்கள். தொடர்பே இல்லையென்றால் ஹீட்டர் போய்விட்டது.

கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருப்பது நல்லது, கொதிக்கக் கூடாது. காருக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை மரையில் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளவு விட்ட 22 மி.மீ. சாக்கெட் இதற்கென்றே கிடைக்கிறது, சாதாரண ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். புதிய சென்சாரைக் கையாலேயே மரையேற்றிவிட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். பல கார்களில் அது 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். மரையில் பூசி வரும் மசகு நுனியில் படக் கூடாது. பக்கத்தில் சிலிகோன் கேஸ்கெட் பசையும் வேண்டாம். அதன் ஆவி எரிந்து மணல்போல் பீங்கானை மூடிவிடும்.

ஒயரை வெட்டிச் சால்டர் வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். குப்பிக்குள் சாதாரணக் காற்று இருக்க வேண்டும் என்றேனே, பல சென்சார்களில் அந்தக் காற்று ஒயரின் உறைக்குள், கம்பி இழைகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது. சால்டர் ஈயமோ கிரீஸோ அந்த வழியை அடைத்தால், புத்தம்புது சென்சாரும் ஒப்பிட ஆளில்லாமல் உளறும்.

மாட்டியபின் அந்தப் பிழை எண்ணை அழித்து, ஸ்கேனரில் முன் சென்சாரை, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ளதைப் பாருங்கள். இன்ஜின் சூடானதும் அது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஆட வேண்டும். (புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வேறு வகை, அதன் எண்கள் இப்படி இருக்காது.) கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதுவும் முன்னதோடு சேர்ந்து ஆடினால் கன்வர்ட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். அதன் விலையைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.