‘மேல் கேஸ்’: தமிழில் என்ன சொல்வது?

மலேசியாவில், பினாங்கின் லெபோ ஆர்மேனியன் தெருவில் படம் எடுக்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சுவரோவியங்களின் முன்னால் சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்துவிடுவார்கள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தைய படப்பிடிப்பு. புடவை மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு.

படம் எடுக்க வந்த தம்பி கெட்டிக்காரர், மரியாதையான பிள்ளை. “அக்கா, நீங்க கீழ பாருங்க. லேசா சிரிங்க. அண்ணே, நீங்க அக்காவையே பாருங்க. அக்கா, நிமிராதீங்க.” பழைய மரக்கதவு முன்னால் இப்படி. கடை வரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் இப்படி. கோயில் வாசலிலும் இப்படித்தான். ஏழெட்டு இடம் மாறினோம், அவள் பார்த்த தரை மட்டும் மாறவே இல்லை.

“மேல் கேஸ், அத்தை” என்றாள் மணப்பெண்ணின் தங்கை, என் காதருகில். பல்கலைக்கழகத்தில் அந்தப் பருவத்துக்குப் பாலின ஆய்வு எடுத்திருந்தாள். மாப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது. “என்ன கேஸ்? போலீஸ் கேஸா?” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் சொன்னது ஆங்கிலத்தின் ‘male gaze’, ஆணின் கண்ணுக்கு ஏற்றபடி பெண்ணைக் காட்டும் முறை. ‘மேல் கேஸ்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். மாடியில் இருக்கும் சமையல் எரிவாயுத் தோம்பு என்றுதான் படிக்கத் தோன்றும். மேல் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. கேஸ் என்பதற்கு இரண்டு இருக்கின்றன. இப்படி ஒலியே காலை வாரிவிடும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கருத்தை விளக்க முடியாது.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ‘கேஸ்’ (gaze) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கண் கொட்டாமல் பார்ப்பது என்று பொருள். வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கலாம் என்று அகராதிகள் கருதுகின்றன. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943லேயே, இன்னொருவர் நம்மைப் பார்க்கிறார் என்று உணரும் கணத்தில் நமக்குள் என்ன நடக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். 1972இல் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் பிபிசி தொலைக்காட்சியில் நான்கு பகுதிகளாக ஒரு தொடர் செய்தார். ஐரோப்பிய ஓவியங்களில் பெண், பார்க்கப்படுவதற்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறாள். அப்படிப் பார்க்கப்படும் தன்னை அவளும் வெளியில் இருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறாள் என்றார். ஒரு செல்ஃபி எடுக்க முப்பது தடவை முயன்றவர்களுக்கு அந்த இரண்டாவது பாதி சட்டென்று புரியும்.

சினிமாவுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி. 1975இல் ‘ஸ்கிரீன்’ என்ற பிரிட்டிஷ் ஆய்விதழில் அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரைதான். ஹாலிவுட்டின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு, ஒரு படத்துக்குள் மூன்று பார்வைகள் ஓடுகின்றன என்று பிரித்துக் காட்டினார். காட்சியைப் பிடிக்கும் கேமராவின் பார்வை ஒன்று. இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம்முடைய பார்வை ஒன்று. படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது மூன்றாவது. நாயகன் நாயகியைப் பார்க்கிறான், கேமரா அவன் கண்ணாக மாறுகிறது, நம் கண் கேமராவோடு போகிறது. அரங்கில் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று படம் கேட்பதில்லை. எல்லோருக்கும் அந்த ஒரே கண்ணைத்தான் மாட்டிவிடுகிறது.

இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பஸ் நிலையத்தில் ஒருவன் உற்றுப் பார்க்கிறான், அதுதானே என்பார்கள். அதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? முறைத்தல், வெறித்தல், லுக்கு விடுதல், ஜொள்ளு விடுதல், சைட் அடித்தல் என்று இருக்கிறதே. (சைட் என்பதே ‘பார்வை’க்கான ஆங்கிலச் சொல்தான், நம்மிடம் வந்து, பார்க்கப்படும் பெண்ணுக்கே பெயராகிவிட்டது. “அவ என் சைட்டு” என்பான் பையன்.) இவையெல்லாம் ஓர் ஆள் செய்யும் காரியங்கள். மல்வி சொன்னது யாருடைய கெட்ட குணத்தையும் பற்றியல்ல. எங்கள் படப்பிடிப்புத் தம்பி யாரையும் தப்பாகப் பார்க்கவில்லை. ஆனாலும் படம் அப்படித்தான் வந்தது.

சின்னவள் அன்றைக்குப் பசியாறும்போதே இதை எனக்கு நிரூபித்துக் காட்டினாள். நாசி கண்டார் கடை, சுவரில் தொலைக்காட்சி, சத்தத்தை அணைத்து ஏதோ தமிழ்ப் பாட்டு. “சத்தம் இல்லாம பாருங்க அத்தை, அப்பத்தான் தெரியும்.” பார்த்தேன். நாயகி வந்தாள். முதலில் கொலுசு, பிறகு இடுப்பு, ஈரக் கூந்தல், தோடு, மறுபடி இடுப்பு. முகம் வருவதற்குள் என் டே தாரேக் தேநீர் பாதி முடிந்துவிட்டது. அடுத்த பாட்டில் நாயகனும் துண்டு துண்டாகத்தான் வந்தான், அதையும் சொல்ல வேண்டும். ஷூ, கைக்கடிகாரம், முறுக்கும் மீசை. ஆனால் அவன் ஷூ கதவை உதைத்தது. கை ஒருவன் சட்டையைப் பிடித்தது. அவனுடைய துண்டுகளுக்கெல்லாம் வேலை இருந்தது. அவளுடைய இடுப்புக்கு அந்தக் காட்சியில் இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பெரும்பாலும் ‘ஆண் பார்வை’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, படித்தவுடன் புரியும். எனக்கு அதில் சின்னச் சின்ன மனக்குறைகள் உண்டு. ‘என் பார்வையில்’ என்றால் என் கருத்தில் என்று ஆகிவிடுகிறது. ‘பார்வைக் குறைவு’ என்றால் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும். “இது ஆண் பார்வை” என்று ஒரு படத்தைப் பற்றி எழுதினால், இது ஓர் ஆணின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டு, “அப்ப பெண் கருத்தையும் கேளுங்க” என்று சிலர் வந்துவிடுவார்கள். ‘ஆணின் பார்வை’ என்று எழுதினால் இன்னும் மோசம், ஒற்றை ஆளின் கண்ணுக்கே போய்விடும்.

நான் ‘ஆண்நோக்கு’ என்று எழுதுகிறேன். நோக்கு என்ற சொல் நம் அன்றாடப் பேச்சில் அருகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மலையாளிகள் மட்டும் இன்றைக்கும் ‘நோக்கு’ என்றுதான் பேசுகிறார்கள். அவர்கள் ஊரில் பிறர் சுமை இறக்குவதைச் சும்மா நின்று பார்த்ததற்குக் கேட்டு வாங்கிய காசுக்கு (2018இல் அரசு தடை செய்தது) ‘நோக்குகூலி’ என்றே பெயர் உண்டு. ஆனால் எழுத்தில் நமக்கும் அது அந்நியமில்லை. 1991இல் மலேசிய அரசு அறிவித்த வாவாசான் 2020 என்ற வளர்ச்சி இலக்கைத் தூரநோக்கு, தொலைநோக்கு என்றுதானே இந்த நாட்டில் எழுதினோம்? நோக்கு என்றால் வெறுமனே கண்ணில் படுவது இல்லை. அதற்குள் ஒரு நோக்கம் இருக்கிறது. காண்பதற்கும் பார்ப்பதற்கும் அடுத்து, எதற்காகவோ பார்ப்பது அது.

வள்ளுவர் இந்தச் சொல்லை விளையாடித் தீர்த்திருக்கிறார். ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்று ஆண்மையையும் நோக்கையும் ஒரே அடியில் வைத்து, நோக்காமல் இருப்பதுதான் ஆண்மை என்கிறார். காமத்துப்பாலில் வேறு கதை. ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்.’ நான் பார்த்தால் அவள் தரையைப் பார்ப்பாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். லெபோ ஆர்மேனியன் தம்பி சொன்னது இந்தக் குறளின் முதல் பாதிதான்! இரண்டாம் பாதியை அவர் எடுக்கவே இல்லை. குறளில் அவளும் பார்க்கிறாள். கம்பனிலும் அப்படியே, அண்ணலும் நோக்கினான், அவளும் நோக்கினாள்.

ஆனால் நோக்கு என்று நான் பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் குறளோ கம்பனோ இல்லை, தொல்காப்பியம். செய்யுளுக்குரிய உறுப்புகளைச் செய்யுளியல் வரிசையாகச் சொல்லும்போது, அவற்றில் ஒன்றுக்கு நோக்கு என்று பெயர் வைக்கிறது. ‘மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே.’ மாத்திரையில் தொடங்கி அடி நிரம்பும் வரை, கேட்பவரை நோக்கச் செய்யும் காரணம் எதுவோ அது நோக்கு. கவனியுங்கள், இங்கே நோக்கு வாசகரின் கண்ணில் இல்லை. பாட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும், எதை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று படைப்பே நம்மைப் பிடித்து இழுக்கும் சக்தி அது. மல்வி கேமரா, வெட்டு, ஒளி என்று சொன்னதை, மாத்திரை, எழுத்து, அசை என்று வைத்துப் பார்த்தால் இரண்டும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன. ஆண்நோக்கு என்றால், ஆணின் இன்பத்தை மனத்தில் வைத்து நம் கண்ணைத் திருப்பும் கட்டுமானம்.

அப்படிப் பார்த்தால் பாட்டில் வரும் கொலுசு, இடுப்பு, கூந்தல் வரிசைக்கும் நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது. பாதாதிகேசம். பாதத்தில் தொடங்கி முடிவரை உறுப்பு உறுப்பாக வருணிப்பது. மேலிருந்து கீழே வந்தால் கேசாதிபாதம். கடவுளுக்கும் பாடினார்கள், காதலிக்கும் பாடினார்கள். கேமரா வந்ததும் அதே படியில் ஏறி இறங்குகிறது.

“பெண்கள் ஆண்களைப் பார்ப்பதாகவும் பாட்டு இருக்கே” என்றேன் சின்னவளிடம். இருக்கிறது. ராமன் மிதிலைத் தெருவில் போகும்போது தோள் கண்டார் தோளே கண்டார், தாள் கண்டார் தாளே கண்டார் என்று கம்பன் பாடுகிறான். உலா இலக்கியமே அதுதான். அரசன் வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்துப் பார்த்து உருகுவார்கள். கண்கள் அத்தனையும் பெண்களுடையவை. எழுதியவர் ஆண் புலவர், கேட்டு மகிழ வேண்டியவர் அரசன். பெண் பார்க்கும் காட்சியெல்லாம் பெண்நோக்கு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விளம்பரத்தில் ஒருத்தி வாசனைத் திரவியம் பூசியவன் பின்னாலேயே ஓடுகிறாளே, அதுவும் குட்டி உலாதான்.

நம் வீட்டுப் பேச்சிலும் இது ஒளிந்திருக்கிறது. பெண் பார்க்கப் போகிறோம் என்றால் தட்டில் பலகாரம், நிலைவாசலில் நிற்கும் பெண், உட்கார்ந்து பார்க்கும் கூட்டம். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றால் வேலை என்ன, சொந்த வீடா வாடகையா என்று விசாரிக்கிறோம் என்று பொருள். வினைச்சொல் ஒன்றுதான். பெண்ணுக்கு வரும்போது அது கண்ணால் செய்யும் வேலை.

கூட்டுச் சொற்களில் எச்சரிக்கை தேவை. கறுப்பினப் பெண்கள் திரையைப் பார்க்கும்போது, காட்டியதை ஏற்க மறுத்து எதிர்த்துப் பார்த்தார்கள் என்று 1992இல் அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் எழுதினார். திரையில் ஆசையோடு காட்டப்பட்ட பெண் வெள்ளைக்காரி, அவளிடத்தில் தங்களை வைத்துப் பார்க்க அவர்களுக்கு இடமே இல்லை. தோட்டத்தில் கறுப்பாகப் பிறந்து, சென்னைப் படத்தின் சிவத்த நாயகிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அதைத் தமிழில் ‘எதிர்நோக்கு’ என்று எழுதிவிட்டால் காத்திருப்பது என்று பொருளாகிவிடும். ‘எதிர்ப்புநோக்கு’ என்று ஒரு ‘ப்பு’ சேர்த்தால் தப்பிக்கலாம். இன்னொன்று, நன்னூல் விதிப்படி ஆண் கூட நோக்கு சேர்ந்தால் ‘ஆணோக்கு’ என்று வர வேண்டும். புணர்ச்சி சரிதான், படிக்கிறவர் விழிப்பார். நான் விதியை மீறித்தான் எழுதுகிறேன். அப்புறம் ‘ஜெண்டர்’ என்பதற்குத் தமிழகத்தில் பாலினம் என்பார்கள், இலங்கையில் பால்நிலை. இங்கே படிவம் நிரப்பும்போது நாம் ஜந்தினா என்ற மலாய்ச் சொல்லையே சொல்லிவிட்டுப் போகிறோம். ஜந்தான் என்ற ஆணையும் பெத்தினா என்ற பெண்ணையும் ஒட்டிச் செய்த சொல் அது.

படப்பிடிப்பு முடியும் நேரத்தில் சின்னவள் தம்பியிடம் போய், “அண்ணா, ஒரே ஒரு ஷாட் மாத்தி எடுங்க” என்றாள். “உங்க இஷ்டம்மா” என்றார் அவர். மணப்பெண் நிமிர்ந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரித்தபடி தரையைப் பார்த்தார். அன்று எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று தம்பியே சொன்னார்.

படங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்தன. தரையைப் பார்த்த படங்களுக்கு வரிசையாக இதயங்கள். இந்தப் படத்துக்கு ஈப்போவில் இருக்கும் பெரியம்மா மட்டும் குரல் பதிவு அனுப்பினார். “என்னாடி, மாப்பிள்ளைய இப்பவே இப்படி முறைக்கிற?”