ஓடாத டிரெய்லரின் பலகை ஏன் மக்கியது?

எங்கள் வீட்டில் இரண்டு டிராக்டர் டிரெய்லர்கள் இருந்தன. ஒன்று தினமும் ஓடும். செங்கல், கரும்பு, தொழுவுரம் என்று கிடைத்த பாரமெல்லாம் ஏற்றும். மழையில் நனையும், வெயிலில் காயும், அதை யாரும் சீராட்டியதில்லை. இன்னொன்று கொஞ்சம் புதுசு. வேப்பம்பலகை போட்டு, மேலே கெட்டியாகப் பெயின்ட் அடித்து, தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் இறுக்கி, புளியமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தோம். மூன்று வருஷம் கழித்துத் தார்ப்பாயை உருவிவிட்டு ஏறினேன். வலது கால் முழங்கால் வரை பலகைக்குள் இறங்கிவிட்டது.

பலகையைப் பெயர்க்க வந்த ஆசாரி ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னச் சதுரமாக, அடுப்புக்கரி மாதிரி உதிர்ந்தது. "மழை பேஞ்சு போகலீங்க தம்பி. பேஞ்ச தண்ணி வெளிய போக வழியில்லாமப் போச்சு" என்றார். டிரெய்லர் பலகை பற்றிய அறிவியலில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்தச் சதுரங்கள் பூஞ்சையின் வேலை. மரத்தின் செல் சுவரில் செல்லுலோஸ் நார்கள் கம்பி போல ஓடுகின்றன. லிக்னின் அவற்றைச் சுற்றிக் கலவை போல இறுகியிருக்கிறது. பழுப்பு அழுகல் எனப்படும் வகைப் பூஞ்சை, கம்பியைத் தின்றுவிட்டுக் கலவையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மிஞ்சும் லிக்னின் சுருங்கிக் குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கிறது. பார்வைக்குப் பலகை பலகையாகவே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். என் கால் இறங்கிய கதை இதுதான்.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் முளைக்க அவற்றுக்கு ஈரம் வேண்டும். மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாகத் தங்கும். மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள்: பானைக்குள் நிற்கும் தண்ணீர் ஒன்று, பானையின் சுவர் உறிஞ்சி வைத்திருக்கும் தண்ணீர் இன்னொன்று. காய்ந்த மரத்தின் எடையில் சுமார் 28 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தாண்டினால் செல்லின் குழிவில் தண்ணீர் நிற்கத் தொடங்கும், பூஞ்சைக்கு விருந்து. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் தொடங்காது என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். நம் ஊரில் நிழலில் நன்றாகக் காய்ந்த பலகையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் கதை வேறு. மண்ணிலிருந்து ஏறும் ஆவி ராத்திரி தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் குளிர்ந்து, சொட்டாகப் பலகையில் விழும். பகலில் காற்று நுழைய இடமில்லை. தினமும் ஒரு சின்ன மழை.

பூஞ்சைக்கு ஆக்சிஜனும் வேண்டும். கிணற்றடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் தெரிந்திருக்கும். எப்போதும் தண்ணீரில் மூழ்கிய கட்டை பல தலைமுறை நிற்பதற்கு, பூஞ்சை மூச்சுவிட அங்கே காற்றில்லை என்பதும் காரணம். முழுக்க நனைந்தாலும் நிற்கும், முழுக்கக் காய்ந்தாலும் நிற்கும். பாதி நனைந்து பாதி காயும் டிரெய்லர் பலகைதான் மாட்டிக்கொள்கிறது.

எங்கள் பலகைகள் நடுவில் ஓரளவு நன்றாகவே இருந்தன. மக்கியது பெரும்பாலும் முனைகளிலும், இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த இடத்திலும்தான். மரம் என்பது வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்க் கட்டு. பலகையின் முகத்தில் குழாய்கள் படுத்திருக்கின்றன, அறுத்த முனையில் வாய் திறந்திருக்கின்றன. முகத்தைவிட முனை பல மடங்கு வேகமாகக் குடிப்பது அதனால்தான். டிரெய்லருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் மேல்பக்கத்தைப் பளபளவென்று முடித்துவிட்டு முனையை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கையில் ஒரு டப்பாதான் இருக்கிறதென்றால் முதலில் நாலு விளிம்பையும் முனைகளையும் அடித்துவிட்டு, மீதியை மேலே பூசுங்கள். போல்ட் ஓட்டையின் உட்புறமும் முனைதான்.

இடைவெளி விஷயத்துக்கு வருவோம். மரம் நீளவாட்டில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. அகலவாட்டில் நன்றாகச் சுருங்கும், அதிலும் மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 200 மில்லிமீட்டர் அகலப் பச்சைப் பலகை ஒன்று நன்றாகக் காயும்போது 8 மில்லிமீட்டர் வரை ஒடுங்கலாம். இதையே திருப்பிப் போடுங்கள்: சித்திரை வெயிலில் காய்ந்த பலகைகளை ஒட்ட ஒட்ட அடித்தால் ஐப்பசி மழையில் அவை விரிய இடமில்லாமல் முதுகு தூக்கும், போல்ட்டை இழுக்கும். மணல் ஏற்றினால் ஒழுகும் என்று இடைவெளி விடப் பயப்படுகிறோம். காய்ந்த பலகைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் விட்டால் மழைக்காலத்தில் அது தானாகவே குறையும். மணல் நாளில் ஒரு பழைய சாக்கை விரித்தால் போச்சு.

பூச்சு விஷயத்தில்தான் ஊருக்கு ஊர் சண்டை. பெயின்ட்டும் வார்னிஷும் மேலே தோல் மாதிரி படர்கின்றன. கதவு ஜன்னலுக்கு அது சரி. டிரெய்லர் தளத்தில் மண்வெட்டி உரசும், ஜல்லி கீறும். ஒரு கீறல் வழியாக நுழைந்த தண்ணீர், மற்ற இடமெல்லாம் தோல் மூடியிருப்பதால் வெளியே வராது. எங்கள் பெயின்ட் செய்தது அதைத்தான்.

எண்ணெய் மரத்துக்குள் இறங்குகிறது. ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயை எத்தனை நாள் காற்றில் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாக இறுகும். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். மெல்லிசாகப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். இறுகும்போது வெப்பம் வெளிவரும், சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இந்த எண்ணெய் தண்ணீரைத் தள்ளுமே தவிர பூஞ்சையைக் கொல்லாது. வெயிலையும் முழுதாகத் தடுக்காது. புற ஊதாக் கதிர் மேற்பரப்பு லிக்னினை உடைக்கிறது, உடைந்ததை மழை கழுவுகிறது, பலகை சாம்பல் நிறமாகிறது. அது பார்க்கத்தான் வயசான மாதிரி, ஆழம் மிகக் குறைவு. சாம்பல் நிறத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பட்டறைகளில் வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவார்கள். காசில்லாமல் கிடைக்கிறது, கொஞ்ச நாள் தண்ணீரும் நிற்காது. ஆனால் அது எப்போதும் இறுகாது. வழுக்கும், மழையில் கழுவப்பட்டுக் காட்டு மண்ணில் இறங்கும், இன்ஜின் உரசிய உலோகத் துகளும் கூடவே வரும். நெல்லும் காய்கறியும் ஏற்றும் தளத்தில் அதை நான் பூச மாட்டேன்.

பூஞ்சையையும் கரையானையும் உண்மையிலேயே கொல்லும் முறை வேண்டுமென்றால் நம் நாட்டுப் பெயர் ஒன்று வருகிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையை உருவாக்கினார். செம்பு பூஞ்சையை அடக்கும், ஆர்சனிக் பூச்சியையும் செம்புக்கு அசராத பூஞ்சையையும் பார்த்துக்கொள்ளும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழை கழுவாமல் காக்கும். உலகம் முழுக்க மின்கம்பங்களும் வேலிக்கால்களும் இதில் ஊறின. ஆர்சனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு இதை நிறுத்தினார்கள். அழுத்தக் கலனில் வைத்து ஏற்றினால்தான் ஆழமாக இறங்கும், தூரிகை வேலைக்கு ஆகாது. அப்படிப் பதப்படுத்திய துண்டை அடுப்பில் வைக்கவே கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும்.

அந்தக் கலவையும் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குள் எளிதில் ஏறாது. அங்கே மரமே குழாய்களை அடைத்து, தன் மருந்தை நிரப்பி வைத்திருக்கிறது. வெளிச்சுற்றின் வெள்ளைக் கட்டையில் மாவுச்சத்து அதிகம், உளுப்பது அதுதான். பலகை வாங்கும்போது விளிம்பில் வெள்ளைப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள்.

புதுப் பலகை பொருத்திய அன்று ஆசாரி பழைய போல்ட் ஒன்றைக் காட்டினார். சுற்றிலும் மை ஊற்றினாற்போல் கறுப்பு. மை என்பது வெறும் உவமை இல்லை: மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது, கடுக்காயையும் இரும்பையும் வைத்து அந்தக் காலத்தில் காய்ச்சிய அதே மைதான். துருவும் ஈரமும் சேர்ந்து நாரை அரிக்க, ஓட்டை பெரிதாகிப் போல்ட் ஆடத் தொடங்குகிறது. இந்த முறை துத்தநாகம் பூசிய போல்ட், அகல வாஷர் போட்டோம்.

தார்ப்பாயைத் தூக்கி எறியவில்லை. நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்துக் கூரை மாதிரி உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டிருக்கிறோம். டிரெய்லரின் முன்பக்கம் ஒரு செங்கல் உயரம் தூக்கி நிற்கிறது, தண்ணீர் பின்னால் ஓடிவிடும். மாசத்துக்கொரு தடவை பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. போன வாரம் தெளித்தது ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது. பொங்கலுக்கு முன்னால் இன்னொரு பூச்சு பூச வேண்டும்.