வேலை தேடுபவரின் நெஞ்செரிச்சல்

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து நெஞ்செரிச்சல் என்று வந்த 27 வயதுப் பட்டதாரி, எண்டோஸ்கோபியில் கோளாறு எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது முகம் மலரவில்லை. சான்றிதழ் நகல்களும் ஓரம் நைந்த வேலைவாய்ப்புப் பதிவு அட்டையும் இருந்த பிளாஸ்டிக் உறையை மடியில் இறுகப் பிடித்திருந்தார். விடிய விடிய விழித்திருந்துவிட்டுப் பகல் 11 மணிக்கு எழுவதாகவும், தறிக்குப் போகிறவர்கள் தெருவைக் கடந்த பிறகே வாசலுக்கு வருவதாகவும், "இப்ப என்னப்பா பண்றே?" என்ற கேள்விக்கு அஞ்சி உறவினர் விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டதாகவும் மெல்லச் சொன்னார்.

வேலையின்மை பணமுடையால் மட்டும் உடலைக் கெடுப்பதில்லை. ஆஸ்திரியாவின் மரியென்தாலில் ஆலை மூடப்பட்ட பின் சமூக உளவியலாளர் மரீ யஹோடா உள்ளிட்டோர் நடத்தி 1933-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரம் மிகுந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததும், ஆண்களின் நடை தளர்ந்ததும் பதிவாகியுள்ளன. சம்பளத்தோடு, நாளுக்கு ஓர் ஒழுங்கையும் நாலு பேரோடு பழகும் வாய்ப்பையும் வேலை தருகிறது என்று யஹோடா பின்னர் விளக்கினார்.

நம் மாநிலத்தில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாவிட்டால், மாதம் 600 ரூபாய் வீதம் 3 ஆண்டுகள் உதவித்தொகை உண்டு. அது விண்ணப்பச் செலவுக்கு உதவும். போன தூக்கத்தைத் திருப்பித் தராது. வருமானச் சான்றுக்கு அலைவதும், பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடுமே என்ற பதைப்பும் சிலருக்குப் புதிய சுமையாகின்றன; ஒரு தாளுக்காக ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருபவரிடம் அலுவலர் பேசும் முதல் வார்த்தையும் சிகிச்சையின் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், வேலை இழந்தோரைக் குழுவாக அமர்த்தி, 5 அரைநாள் அமர்வுகளில் வேலை தேடும் முறையையும் மறுப்பைத் தாங்கும் பயிற்சியையும் அளித்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது.

ஆகவே அந்த இளைஞரை, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவசத் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கும் அனுப்பினேன். போட்டித்தேர்வுக்கான அந்த வகுப்பில் அவருக்குக் கிடைத்தது பாடம் மட்டுமன்று. குளித்துக் கிளம்ப ஒரு நேரமும், தன்னைப் போலவே காத்திருக்கும் துணையும் கிடைத்தன. ஆறு வாரம் கழித்து வந்தபோதும் வேலை கிடைத்திருக்கவில்லை, ஆனால் காலை 6 மணிக்கு எழுந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தினோம்.

வேலை தேடும் பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்றி ஒதுங்கியிருந்தால், பெற்றோர் கடிந்துகொள்ளாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸில், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.