மெலடியே இல்லாத இசைல காது எதப் புடிச்சுக்குது?

நவீன வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேட்டவங்க நிறைய பேரு சொல்றது, எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னே புரியல. மொசார்ட்ல அந்தக் கஷ்டம் இல்ல, ஒரு ஸ்கேல் இருக்கு, அதோட ஆதார ஸ்வரத்துல வந்து நின்னா ஒரு பகுதி முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லாமயே தெரியும். 1920கள்ல ஷோன்பெர்க்ங்கிற இசையமைப்பாளர் 12 ஸ்வரத்துக்கும் சம இடம்னு எழுத ஆரம்பிச்சப்ப அந்த அடையாளம் காணாமப் போச்சு.

ஆனா காது சும்மா இருக்காது, வேற எதையாவது தேடும். பெல்ஜியத்துல இரேன் டெலியேஜ்னு ஒரு ஆராய்ச்சியாளர், இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ வயோலாவுக்கு (வயலினவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம்) மட்டும் எழுதின 'செக்வென்சா 6'-அ இசை படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் போட்டுக் காமிச்சு, எங்க பகுதி மாறுதுன்னு தோணுதோ அங்க பட்டன அழுத்தச் சொன்னாங்க. 1990ல வந்த அந்த ஆய்வுல பெரிய பிரிவுகள ரெண்டு குரூப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பிரிச்சாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. திடீர் மௌனம், சத்தம் ஏறுறது, வாசிக்கிற விதம் மாறுறது, இந்த மாதிரி தூக்கலா தெரியுற ஒண்ண மனசு அடையாளமா வச்சுக்கிட்டு, அப்புறம் அதே ஜாடைல வர்றதையெல்லாம் அதோடயே சேத்துக்குது.

1988ல அமெரிக்க இசைக் கோட்பாட்டாளர் ஃபிரெட் லெர்டால் இந்த மாதிரி இசைக்கு எதிரா ஒரு கடுமையான வாதம் வச்சாரு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலெஸோட 'லெ மார்த்தோ சான் மெத்ர்'ங்கிற படைப்பு 1955ல அரங்கேறுச்சு, அதுக்குள்ள இருக்குற ஸ்வரக் கணக்க லெவ் கோப்லியகோவ்ங்கிற ஆய்வாளர் 1977லதான் அவிழ்த்தாரு, அதுவும் ஸ்கோர (எழுதி வச்ச இசைக் குறிப்ப) வச்சு. கேக்குறவன் காதுக்கு எட்டாத கணக்கால என்ன பிரயோஜனம்ங்கிறது லெர்டால் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனா அதுல பாதிதான் சரின்னு நெனைக்கிறேன், ஏன்னா ஆல்டோ புல்லாங்குழல், வைப்ரஃபோன், கிட்டார், குரல்னு அந்த வாத்தியங்களோட நிறம் மாறுறத வச்சே காது தனக்கு ஒரு வழியக் கண்டுபுடிச்சுடும். பழைய இசைலயும் நாம எல்லாத்தையும் கேக்குறோமான்னா அதுவும் இல்ல. நிக்கலஸ் குக்ங்கிற பிரிட்டிஷ் இசை ஆய்வாளர் 1987ல வெளியிட்ட சோதனைல, பழைய கிளாசிக்கல் துண்டுகள வேற ஸ்கேல்ல முடியுற மாதிரி மாத்திப் போட்டாரு, ஒரு நிமிஷத்துக்கு மேல நீளமானதுல மியூசிக் ஸ்டூடண்ட்ஸே ஒரிஜினல்தான் நல்லாருக்குன்னு சொல்லல!

சந்தேகம் இருந்தா இசையமைப்பாளர் லிகெட்டி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின 'அட்மாஸ்ஃபேர்' (1961) கேளுங்க. மெலடி கெடையாது, தாளம்னு தனியா எதுவும் புடிபடாது, ஆனா நடுவுல பிக்கோலோங்கிற சின்னப் புல்லாங்குழல் காதக் கிழிக்கிற உச்சத்துக்குப் போயி சட்டுனு அடி ஆழத்துல டபுள் பேஸ் வரும். மொத தடவ கேக்குறவங்களும் அந்த எடத்த விடமாட்டாங்க, ரெண்டாவது தடவ கேக்குறப்ப அதுக்கு முன்னாடி வர்றதெல்லாம் அத நோக்கிப் போற மாதிரியே கேக்கும்.